பெற்றோர் சொன்னதும் மருத்துவர் கேட்டதும்: ஆட்டிசம் கண்டறியப்படும் விதம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஒரு தந்தையின் கடிதம்

1938இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த வழக்கறிஞர் பீமன் டிரிப்லெட், தம் மகன் டொனால்டைப் பற்றி 33 பக்கத் தட்டச்சுக் கடிதம் ஒன்றை அனுப்பினார். அதைப் பெற்றவர் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கேனர். டொனால்டுக்கு அப்போது ஐந்து வயது. பிள்ளை தனியாக இருக்கும்போதுதான் மகிழ்ச்சியாக இருக்கிறான். அம்மா வந்தாலும் போனாலும் கண்டுகொள்வதில்லை. சுழலக்கூடிய எது கையில் கிடைத்தாலும் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒரு வயதிலேயே மெட்டுப் பிசகாமல் பாடினான். நீண்ட வேதப் பகுதிகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறான். இப்படித் தந்தை தாம் கண்ட ஒவ்வொன்றையும் எழுதினார்.

கேனர் அந்தக் கடிதத்தை ஒதுக்கிவைக்கவில்லை. டொனால்டை நேரில் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவனைப் போன்ற வேறு குழந்தைகளையும் கவனித்தார். 8 சிறுவர், 3 சிறுமியர் என 11 குழந்தைகளைப் பற்றி 1943இல் அவர் வெளியிட்ட கட்டுரையே ஆட்டிசத்தைத் தனி நிலையாக மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதில் முதல் குழந்தை டொனால்ட். அவனைப் பற்றிய பகுதியில் தந்தையின் கடிதத்திலிருந்து எடுத்த செய்திகள் நிறைய உண்டு.

இந்த உரை சொல்ல வருவது ஒன்றுதான். ஆட்டிசத்தை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை கிடையாது; ஸ்கேனிலும் அது தெரியாது. குழந்தையைப் பொறுமையாகப் பார்ப்பதும், பெற்றோர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதுமே அதைக் கண்டறியும் வழி. பெற்றோரைக் கேட்ட காலங்களில் இந்தத் துறை வளர்ந்தது. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய காலத்தில் வழி தவறியது.

நிலாவைக் காட்டும் விரல்

குழந்தைக்குச் சோறூட்டும் தாய் நிலாவைக் காட்டுகிறாள். ஒரு வயது கடந்த குழந்தை பெரும்பாலும் விரல் போகும் திசையில் நிலாவைப் பார்க்கும். பிறகு திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கும். மறுபடி நிலாவைப் பார்க்கும். கொஞ்ச நாளில் தானே விரல் நீட்டி நாயையும் பேருந்தையும் காட்டத் தொடங்கும். அந்த நாய் தனக்கு வேண்டும் என்று அது கேட்கவில்லை. தான் பார்ப்பதை அம்மாவும் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் ஆசை. உளவியலில் இதைக் கூட்டுக் கவனம் என்பார்கள். வாய்ப்பேச்சுக்கு முன்பே தொடங்கிவிடும் உரையாடல் இது.

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் இது தாமதமாக வருகிறது, அல்லது வேறு விதமாக வருகிறது. பிஸ்கட் வேண்டுமென்றால் அந்தக் குழந்தை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் டப்பாவின் மேல் வைக்கும். வானத்தில் போகும் விமானத்தைக் காட்டி அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. அடுத்த அறையில் பிடித்த விளம்பரத்தின் இசை கேட்டால் ஓடும். அதனால்தான் பல வீடுகளில் எழும் முதல் சந்தேகம் காது கேட்கவில்லையோ என்பது. மருத்துவரும் முதலில் கேட்கும் திறனைத்தான் சோதிக்கச் சொல்வார். அது அவசியமான சோதனையே.

சமூகத் தொடர்பில் இருக்கும் இந்த வேறுபாடு ஒரு பகுதி. இன்னொரு பகுதி, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும் குறுகிய, ஆழமான ஈடுபாடுகளும். கார் பொம்மையை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுழற்றுவது, செருப்புகளை வரிசையாக அடுக்குவது, கைகளை உதறுவது, பள்ளிக்குப் போகும் வழி மாறினால் அழுது புரள்வது, கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வது எல்லாம் இதில் அடங்கும். புலன்களும் வேறு விதமாக வேலை செய்கின்றன. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. சட்டைக் காலரின் லேபிள் தாங்க முடியாத உறுத்தலாக இருக்கும் குழந்தைகள் உண்டு. கீழே விழுந்து அடிபட்டாலும் அழாத குழந்தைகளும் உண்டு.

ஒருவரிடம் இவை எல்லாமும் இருக்க வேண்டியதில்லை. ஒரு சொல்கூடப் பேசாதவருக்கும் ஆட்டிசம் இருக்கலாம், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவருக்கும் இருக்கலாம். சிலருக்கு அறிவுத்திறன் குறைபாடும் வலிப்பும் சேர்ந்திருக்கும், பலருக்கு இருக்காது.

1985இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் ஆகியோர் இரண்டு பொம்மைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாதபோது ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றி வைக்கிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர், குண்டு உண்மையில் இருக்கும் பெட்டியையே காட்டினார்கள். சாலிக்குத் தெரிந்ததும் தங்களுக்குத் தெரிந்ததும் வேறு என்று கணிப்பது அவர்களுக்குக் கடினமாக இருந்தது. இந்த முடிவு நெடுநாள் துறையை ஆண்டது. 2012இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர் எதிர்க்கேள்வி எழுப்பினார். அவரே ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரிவதில்லை என்கிறார்கள், ஆனால் மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவரின் மனம் புரிவதில்லையே, இந்தப் புரியாமை இருபக்கத்திலும் இருக்கிறதே என்பது அவர் வாதம். இன்று நடக்கும் ஆய்வுகளில் இந்தப் பார்வைக்குத் தனி இடம் உண்டு.

தாயின் மேல் விழுந்த பழி

கேனர் 1943 கட்டுரையின் முடிவில், இது பிறப்பிலேயே வரும் நிலை என்று எழுதினார். அதே கட்டுரையில், இந்தக் குழந்தைகளின் பெற்றோரில் அன்பும் நெருக்கமும் காட்டுபவர் குறைவு என்றும் குறிப்பிட்டார். இரண்டாவது கருத்தே அன்றைய உளப்பகுப்பாய்வு உலகுக்குப் பிடித்துப்போனது. சிகாகோவில் மனநலம் பாதித்த குழந்தைகளுக்கான பள்ளியை நடத்திய புருனோ பெட்டல்ஹைம், 1967இல் வெளியிட்ட நூலில் இந்தக் கருத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனார். தாயின் வெறுப்பை உணர்ந்து குழந்தை தனக்குள் ஒடுங்கிவிடுகிறது என்றார். குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை ஆயிற்று. எத்தனையோ தாய்மார் அந்தக் குற்ற உணர்வைச் சாகும்வரை சுமந்தார்கள்.

பெற்றோர் மேல் பழிபோடும் இந்தக் கருத்தை அந்த நூலுக்கு முன்பே எதிர்த்தவர் ஒரு தந்தை. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லாண்டின் மகனுக்கு ஆட்டிசம். கிடைத்த ஆய்வுகளை எல்லாம் படித்த அவர், தாயின் நடத்தையால் ஆட்டிசம் வருகிறது என்பதற்கு ஆதாரமே இல்லை, இது உடல் சார்ந்த காரணத்தால் வருவது என்று 1964இல் நூல் எழுதினார். முன்னுரை எழுதிக் கொடுத்தவர் கேனர். நூலின் இறுதியில் பெற்றோர் நிரப்பக்கூடிய கேள்விப் படிவம் ஒன்று இருந்தது. பல ஊர்ப் பெற்றோர்கள் அதை நிரப்பி ரிம்லாண்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு பெற்றோரின் தேசிய அமைப்பு உருவானது. 1969இல் அந்த அமைப்பின் கூட்டத்தில் பேசிய கேனர், பெற்றோர்களைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார்.

அறிவியல் சான்று 1977இல் வந்தது. சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 இணைகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவிலிருந்து பிறந்த 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. எண்ணிக்கை சிறியதுதான்; ஆனால் மரபணுக்களின் பங்கைத் தெளிவாகக் காட்டிய முதல் ஆய்வு அது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன. ஒரே ஒரு மரபணு பொறுப்பு என்பதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களுக்குத் தொடர்பு கண்டறியப்பட்டிருக்கிறது.

பழி சுமத்தும் பழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. 1998இல் லண்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் எம்.எம்.ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டார். 2010இல் லான்செட் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் பறிக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டியது. நம் ஊரில் அம்மா வேலைக்குப் போவதால் வந்தது, கர்ப்பத்தில் எதையோ பார்த்துப் பயந்ததால் வந்தது, செல்போனைக் கையில் கொடுத்ததால் வந்தது என்கிறார்கள். அதிக நேரத் திரை எந்தக் குழந்தைக்கும் நல்லதில்லை. பேச்சு வளர அது தடையாகலாம். அதனால் ஆட்டிசம் உண்டாகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. பிறந்ததிலிருந்து இரவு பகல் பாராமல் குழந்தையைத் தூக்கித் திரியும் தாயிடம் இந்தச் சொற்களைச் சொல்வது கொடுமை.

கேம்பர்வெல் தெருக்களில்

லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் லோர்னா விங், ஜூடித் கூல்ட் என்ற இருவர் 1970களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். விங் மனநல மருத்துவர். ஆட்டிசம் உள்ள மகளின் தாய். மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் எண்ணாமல், அந்தப் பகுதியில் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். கேனரின் வரையறைக்கு அச்சாகப் பொருந்தியவர்கள் 10,000 பேரில் சுமார் 5 பேர். சமூக உறவு, தொடர்பாடல், கற்பனை மூன்றிலும் சிரமம் இருந்தும் அந்த வரையறைக்குள் வராதவர்களையும் சேர்த்தால் 20ஐத் தாண்டியது. 1979இல் வெளியான இந்த முடிவிலிருந்தே, ஆட்டிசம் பல அளவுகளில், பல வடிவங்களில் விரிந்து கிடக்கும் ஒன்று என்ற கருத்து வேரூன்றியது.

வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் எழுதிய கட்டுரையை ஆங்கில உலகுக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியவரும் விங்தான். நன்றாகப் பேசக்கூடிய, ஆனால் பிறரோடு பழகத் தெரியாத சிறுவர்களை ஆஸ்பெர்கர் விவரித்திருந்தார். அவருடைய பெயரால் ஒரு பிரிவு 1994இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் சேர்ந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நீக்கப்பட்டு, எல்லாம் ஆட்டிச நிறமாலை என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்தன. நாஜி ஆட்சியில் குழந்தைகள் கொல்லப்பட்ட ஷ்பீகல்கிரண்ட் நிலையத்துக்கு ஆஸ்பெர்கர் குழந்தைகளை அனுப்பியதை, ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் 2018இல் ஆவணங்களோடு வெளிப்படுத்தினார். ஒரு குழந்தைக்கு மருத்துவர் சூட்டும் பெயர் பள்ளிக் கதவையும் திறக்கலாம், கொலைக்கூடத்தின் கதவையும் திறக்கலாம். எந்தக் கதவு என்பது அந்தச் சமூகத்தின் சட்டத்தையும் மனத்தையும் பொறுத்தது.

வரையறை விரிந்ததால் எண்ணிக்கையும் உயர்ந்தது. அமெரிக்காவில் எட்டு வயதுக் குழந்தைகளைக் கணக்கிட்டபோது 2000இல் 150 பேரில் ஒருவர் என்றிருந்தது, 2022இல் 31 பேரில் ஒருவர் ஆயிற்று. வரையறை மாறியது, பள்ளிகளும் மருத்துவர்களும் விழிப்படைந்தது, முன்பு வேறு பெயரில் எழுதப்பட்டவர்கள் இப்போது சரியான பெயரில் எழுதப்படுவது ஆகியவை இந்த உயர்வில் பெரும்பங்கை விளக்குகின்றன. இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், சுமார் 100 பேரில் ஒருவர் என்ற அளவு தெரியவந்தது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது

கண்டறிதல் இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதலாவது சல்லடைக் கட்டம். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் என்ற படிவத்தில் 20 கேள்விகள் உண்டு. ஆம், இல்லை என்று பெற்றோரே பதில் சொல்லலாம். நீங்கள் எதையாவது காட்டினால் குழந்தை பார்க்கிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, மற்றக் குழந்தைகள் மேல் நாட்டம் உண்டா என்ற வகைக் கேள்விகள். இதில் கூடுதல் மதிப்பெண் வந்தால் ஆட்டிசம் என்று முடிவு கட்டக் கூடாது. விரிவாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 18ஆம் மாதத்திலும் 24ஆம் மாதத்திலும் எல்லாக் குழந்தைகளுக்கும் இத்தகைய சோதனை செய்யப் பரிந்துரைக்கிறது.

இரண்டாவது, முழு மதிப்பீடு. உலகெங்கும் புகழ்பெற்ற ஏடாஸ் என்ற முறையை கேத்தரின் லார்டும் அவருடைய குழுவினரும் உருவாக்கி 1989இல் வெளியிட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது விளையாட்டாகவே தெரியும். சோதிப்பவர் சோப்புக் குமிழி ஊதுகிறார், சட்டென்று நிறுத்துகிறார். குழந்தை இன்னும் வேண்டும் என்று எப்படிக் கேட்கிறது? கண்ணைப் பார்க்கிறதா, கையை நீட்டுகிறதா, குமிழிக் குப்பியை மட்டும் பிடுங்குகிறதா? பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடி மெழுகுவத்தியை ஊதச் சொன்னால் அந்தக் கற்பனைக்குள் வருகிறதா? பலூனை ஊதிப் பறக்கவிட்டால் அந்த மகிழ்ச்சியை யாரோடாவது பகிர்ந்துகொள்கிறதா? ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இவை அனைத்தும் குறித்துக்கொள்ளப்படுகின்றன.

ஒரு மணி நேரம் பார்த்தது போதாது. பிறந்ததிலிருந்து இன்றுவரை நடந்ததைப் பெற்றோர் சொல்ல வேண்டும். பெட்டல்ஹைமிடம் பயின்ற எரிக் ஷாப்ளர், ஆசிரியரின் பாதையை விட்டு விலகி, வட கரோலினாவில் பெற்றோரையே சிகிச்சையில் கூட்டாளிகளாக்கினார். அவருடைய குழு உருவாக்கிய கார்ஸ் என்ற 15 கூறுகள் கொண்ட அளவுகோல் இந்திய மருத்துவமனைகளிலும் புழங்குகிறது. குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிப் பயிற்சியாளர் எனப் பலரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. மரபணுப் பரிசோதனை சிலரில் காரணத்தைச் சொல்லும், அடுத்த கர்ப்பத்துக்கு ஆலோசனை பெறவும் உதவும். ஆட்டிசம் உண்டா இல்லையா என்பதை அது முடிவு செய்யாது.

தேர்ந்த நிபுணர் இரண்டு வயதிலேயே நம்பத்தகுந்த முடிவு சொல்ல முடியும். ஆனால் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு, பெற்றோரிடம் நாலு கேள்விகூடக் கேட்காமல் சொல்லப்படும் முடிவை ஏற்க வேண்டியதில்லை. அது ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி.

கண்ணில் படாதவர்கள்

அமெரிக்கக் கணக்கில் ஒரு சிறுமிக்கு 3.4 சிறுவர்கள் என்ற விகிதத்தில் ஆட்டிசம் கண்டறியப்படுகிறது. பெண்களிடம் அது உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். ஆனால் பலர் கண்ணில் படாமல் போவதும் உறுதி. மாஸ்கோவில் மனநல மருத்துவர் குரூன்யா சுகரேவா 1925இலேயே, கேனருக்கு வெகு முன்பே, இதே இயல்புகள் கொண்ட ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார். பிறகு சிறுமிகளைப் பற்றியும் எழுதினார். அவருடைய ஆய்வுகள் பல பதிற்றாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன.

சிறுமி ஒருத்தி வகுப்பில் மற்றவர்களைப் பார்த்து அவர்களைப் போலச் சிரிக்கக் கற்றுக்கொள்கிறாள். என்ன பேச வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்ததும் களைத்துச் சரிகிறாள். ஆசிரியர் அவளை அமைதியான பெண், கூச்ச சுபாவம் என்று பாராட்டி விட்டுவிடுகிறார். வளர்ந்த பிறகு பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ மருத்துவரிடம் போகும்போதுதான், அல்லது தன் குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரியும்போதுதான், தன்னைப் பற்றிய உண்மையும் அவளுக்குத் தெரிகிறது.

இங்கே, இன்று

இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து தமரா டேலி 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒரு சுவையான செய்தியைச் சொல்கிறது. மேலைநாட்டுப் பெற்றோர் பெரும்பாலும் பேச்சுத் தாமதத்தை முதலில் கவனிக்க, இந்தியப் பெற்றோர் பலர் குழந்தை பிறரோடு ஒட்டாமல் இருப்பதைத்தான் முதலில் கவனித்திருந்தார்கள். கூட்டுக் குடும்பமும் அக்கம்பக்கமும் சூழ்ந்த வீட்டில் அது சீக்கிரம் கண்ணில் படுவது இயல்பே. கவனித்த பிறகுதான் தாமதம் தொடங்குகிறது. ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், அவங்கப்பாவும் நாலு வயசுலதான் பேசினான் என்று பாட்டி ஆறுதல் சொல்வார். நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள். கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள். பாட்டியின் அன்பில் குறையில்லை. ஆனால் மூளை வேகமாக வளரும் அந்த மாதங்கள் திரும்பி வராது.

சட்டத்தில் இன்று இடம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்கு இசா என்ற இந்திய அளவுகோல் பயன்படுகிறது: 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். இந்தச் சான்றிதழும் யு.டி.ஐ.டி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இருந்தால் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி, தேர்வில் கூடுதல் நேரம், அரசு வேலையில் இட ஒதுக்கீடு ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். நிரமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன.

முடிவு தெரிந்த மறுநாள் பெற்றோர் முன் ஒரு சந்தையே விரியும். குணப்படுத்துகிறோம் என்று ஸ்டெம் செல் ஊசிக்கும், ஆக்சிஜன் அறைக்கும், விசேஷ மருந்துகளுக்கும் லட்சக்கணக்கில் கேட்பார்கள். இவற்றில் எதுவும் ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக நிரூபிக்கப்படவில்லை. பேச்சு, விளையாட்டு, அன்றாடத் திறன்கள் ஆகியவற்றில் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு நடக்கும் பயிற்சி பலன் தருகிறது. பேச்சு வராத குழந்தைக்குப் படங்கள் வழியாகவோ டேப்லெட் வழியாகவோ தன் விருப்பத்தைச் சொல்லக் கற்றுக்கொடுத்தால் பேச்சு நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

இந்த அவையின் முன் ஒரு கோரிக்கையை வைக்க வேண்டியிருக்கிறது. இந்தியத் தடுப்பூசி அட்டவணைப்படி 16 முதல் 24 மாதத்துக்குள் ஒவ்வொரு குழந்தையும் தட்டம்மை, ரூபெல்லா இரண்டாம் தவணைக்காகச் சுகாதார நிலையத்துக்கு வருகிறது. எம்-சாட் கேட்கப்பட வேண்டிய வயதும் அதுவே. தனிக் கட்டடமோ புதிய கருவியோ இதற்கு வேண்டியதில்லை. செவிலியருக்குப் பயிற்சியும், தமிழில் அச்சடித்த ஒரு தாளும், பதில் கவலை தந்தால் மாவட்ட மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் இருந்தால் போதும். ஊசி போட்ட பின் குழந்தையை அரை மணி நேரம் உட்காரவைத்துக் கவனிக்கச் சொல்கிறார்கள். அந்த நேரத்துக்குள் இருபது கேள்விகளையும் தாயிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொண்டுவிடலாம்.